256 ஜிபியா, கார்டு ஓட்டையா? பூம்பாறையிலிருந்து ஒரு போன் கணக்கு

“டேய், பாட்டு நிக்கக் கூடாது. ரேடியோ கேக்கணும். ரெண்டு சிம்மும் போடணும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்.”

இதைச் சொல்லிப் பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் ஊர் பூம்பாறையில் பூண்டு மூட்டைகளை ஏற்றி, மலையிறங்கி வடுகபட்டி சந்தைக்குக் கொண்டுபோகும் பிக்கப் வண்டி அவருடையது. பூண்டு இல்லாத நாளில் கேரட், உருளைக்கிழங்கு. விடியுமுன்னே கிளம்பிவிடுவார். பனிமூட்டத்தில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கும் அந்த நேரத்தில் அவருக்குத் துணை பாட்டும் கொடைக்கானல் எஃப்எம் நிலையமான கோடை பண்பலையும்தான். வண்டியில் இருக்கும் பழைய செட்டில் ரேடியோ போய்ப் பல வருடமாகிறது. ஆக்ஸ் ஒயர் குத்தும் இடம் மட்டும் நன்றாக இருக்கிறது. போனிலிருந்து அந்த ஒயர் வழியாகத்தான் எல்லாம் கேட்பார். இப்போது அந்தப் போன் போய்விட்டது.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு கடையில் அவருடைய பணத்துக்குள் இரண்டு போன்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று 256 ஜிபி. பார்க்க அழகு, மெலிசு, கேமராவும் நன்றாக இருந்தது. ஆனால் மெமரி கார்டு போட இடமில்லை, இயர்போன் ஓட்டை இல்லை, எஃப்எம் இல்லை. இன்னொன்று 128 ஜிபி. கொஞ்சம் தடிமன், கேமரா சுமார், ஆனால் அந்த மூன்றும் உண்டு. கடைக்காரர் முதல் போனைத்தான் என் பக்கம் தள்ளினார். “256 வாங்கிட்டா அப்புறம் கார்டு எதுக்குத் தம்பி?” என்றார்.

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்திலும், அதற்கு மேலே மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் பக்கத்திலும் இதே கேள்வியோடு கடை வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவும் சேர்த்து நான் போட்டுப் பார்த்த கணக்கை எழுதுகிறேன்.

ஜிபி கணக்கு

எம்பி3 பாட்டு 128 கேபிபிஎஸ் தரத்தில் இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும். நாலரை நிமிடப் பாட்டு நாலரை எம்பிக்குள் அடங்கிவிடும். அதே பாட்டு 320 கேபிபிஎஸ் என்றால் 11 எம்பி அளவுக்கு வரும். சிடியிலிருந்து தரம் குறையாமல் எடுத்த ஃபிளாக் கோப்பு என்றால் 25, 30 எம்பி. சித்தப்பாவிடம் இருப்பது 4,200 பாட்டு, மொத்தம் 21 ஜிபி. கேசட் காலத்துப் பாட்டு, பக்திப் பாட்டு, குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு எடுத்த மேளம், எல்லாம் சேர்த்துத்தான் இது. ஒரு 32 ஜிபி கார்டில் போட்டாலும் மிச்சம் இருக்கும்.

ஆகவே 256 என்பது பாட்டுக்குத் தேவைப்படும் எண் இல்லை. போட்டோ, வீடியோ, வாட்ஸ்அப் குரூப், ஆப்கள், இவற்றுக்குத்தான் அது. 128 ஜிபி போனில் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் ஆப்களும் 15, 20 ஜிபி எடுத்துக்கொண்டாலும் நூறு ஜிபிக்குமேல் கையில் நிற்கும். பாட்டைக் கார்டுக்குத் தள்ளிவிட்டால் அந்த நூறு முழுக்க மற்ற வேலைக்கு. சந்தை விலையை வாட்ஸ்அப்பில் பார்த்து, பேத்தி போட்டோவைச் சேர்த்து வைக்கும் ஒருவருக்கு இது தாராளம்.

கடைக்காரர்கள் சொல்லும் இன்னொரு காரணம் வேகம். அதில் உண்மை இருக்கிறது. போனுக்குள் இருக்கும் யுஎஃப்எஸ் சேமிப்பு நொடிக்குப் பல நூறு எம்பி படிக்கும்; புதிய வகைகள் ஆயிரத்தைத் தாண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் யுஎச்எஸ்-1 மைக்ரோ எஸ்டி கார்டுக்கு அந்த இணைப்பின் உச்ச வரம்பே 104 எம்பிதான். 4கே வீடியோ எடுக்கவும் ஆப் ஓட்டவும் உள் சேமிப்புதான் சரி. பாட்டுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். சிடி தரத்து ஃபிளாக் ஓடும்போதுகூட நொடிக்கு 0.2 எம்பியைத் தாண்டுவதில்லை. வண்டிக்காரருக்குப் பாட்டுக் கார்டில் வேகம் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் போலிக் கார்டில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். தெரு ஓரத்தில் 512 ஜிபி, 1 டிபி என்று அச்சடித்து மலிவாக விற்பதில் பலவற்றின் உள்ளே இருக்கும் சில்லு மிகச் சிறியது. போனில் காட்டும் எண்ணை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். கொள்ளளவு தாண்டியதும் புதுப் பாட்டு பழைய பாட்டின்மேல் எழுதப்படும், அல்லது கோப்பு திறக்காது. வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

கார்டைப் போடும்போது போன் கேட்கும் ஒரு கேள்வி

இதைத்தான் நான் எல்லாரிடமும் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நாங்கள் அடிபட்டிருக்கிறோம்.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சில போன்களில் புதுக் கார்டைப் போட்டதும் ஒரு கேள்வி வரும். இதை வெளியே எடுத்துப் போடும் சேமிப்பாக வைத்துக்கொள்ளவா, போனின் உள் சேமிப்போடு சேர்த்துக்கொள்ளவா என்று. 16 ஜிபி போனில் இடமில்லாமல் திண்டாடிய காலத்தில் நான் இரண்டாவதைத் தட்டினேன். 16 ஜிபி போன் 48 ஜிபி போனாகிவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்படிச் சேர்க்கும்போது போன் அந்தக் கார்டை முழுக்கப் பூட்டிவிடுகிறது. என்கிரிப்ட் செய்வது என்பார்களே, அது. சாவி போனுக்குள்ளேயே இருக்கும். அந்தக் கார்டை வேறு எந்தப் போனில் போட்டாலும், கம்ப்யூட்டரில் போட்டாலும் “ஃபார்மட் செய்யவா?” என்றுதான் கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் போனின் போர்டு போய்விட்டது. எங்கள் ஊர் ஈரம் அப்படி. வெளியே குளிரில் இருந்த போனை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடிக்கு உள்பக்கமே பனி பூக்கும். கார்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை, கையில் பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருப்பதை மட்டும் எடுக்க வழியில்லை.

பாட்டுகள் போனது பெரிதில்லை, மறுபடி சேர்த்துவிட்டோம். அதில் அப்பத்தா பாடியது ஒன்று இருந்தது. 2011-இல் பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டே அவர் பாடிய தாலாட்டு. சித்தப்பா தன் பட்டன் போனில் பதிவு செய்திருந்தார். மூன்று நிமிடம் நாற்பது நொடி. கத்தி தாளை அறுக்கும் சத்தம், நடுவில் ஒரு இருமல், பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி. அடுத்த தேருக்கு அப்பத்தா இல்லை. போன் போன அன்று சித்தப்பா எதுவும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

அது திரும்பக் கிடைத்தது பண்ணைக்காட்டில் இருக்கும் சித்தியின் தங்கையிடமிருந்து. என்றைக்கோ ப்ளூடூத்தில் அனுப்பியதை அவர் பழைய பட்டன் போன் கார்டிலிருந்து அழிக்காமல் வைத்திருந்தார். ஏஎம்ஆர் என்ற குரல் பதிவுக் கோப்பு, 350 கேபிகூட வராது. அந்தக் கார்டின் அளவு 2 ஜிபி.

ஆகவே கார்டு போடுங்கள், கட்டாயம் போடுங்கள். கேள்வி வந்தால் வெளியே எடுத்துப் போடும் சேமிப்பு என்பதையே தேர்ந்தெடுங்கள். போன் செத்தாலும் ஊசியால் ட்ரேயை இழுத்துக் கார்டை எடுத்து அடுத்த போனில் போட்டால் பாட்டு அப்படியே இருக்கும். 256 ஜிபி உள் சேமிப்பு மட்டும் உள்ள போனில் இந்த வழி கிடையாது. போர்டு போனால் உள்ளே இருப்பதும் அதோடு போகும். வேறு இடத்தில் நகல் இருந்தால்தான் உண்டு.

நகல் என்றால் கிளவுட் இருக்கிறதே என்பார்கள். டவுனில் இருப்பவர்களுக்குச் சரி. எங்கள் வீட்டில் வாசல்படியில் ஒரு கம்பெனி டவர், கொல்லையில் இன்னொரு கம்பெனி டவர். 21 ஜிபியை மேலே ஏற்ற முயன்றால் எத்தனை நாள் ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த டவர் விஷயத்திலேயே ட்ரேயையும் பார்த்துவிட வேண்டும். கார்டு ஓட்டை உண்டு என்று சொல்லும் பல போன்களில் அது இரண்டாவது சிம்மின் இடத்தைப் பகிர்ந்துகொள்வது. இரண்டு சிம், அல்லது ஒரு சிம்மும் ஒரு கார்டும். கொடைக்கானலில் ஒரு சிம் எடுக்கும், மன்னவனூர் போனால் இன்னொன்றுதான் எடுக்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது உதவாது. மூன்றுக்கும் தனித்தனி இடம் உள்ள ட்ரேதான் வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கடையிலேயே ட்ரேயை வெளியே இழுத்து எண்ணிப் பாருங்கள். சித்தப்பாவுக்குப் பார்த்த 128 ஜிபி போனில் மூன்று இடமும் இருந்தது.

100.5

போன் கம்பெனிகள் இந்த வசதிகளை ஒவ்வொன்றாக எடுத்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆப்பிள் 2016-இல் ஐபோன் 7-இல் இயர்போன் ஓட்டையை எடுத்தது. சாம்சங் 2015-இல் கேலக்ஸி எஸ்6-இல் கார்டு ஓட்டையை எடுத்து, மறு வருடம் எஸ்7-இல் திரும்பக் கொண்டுவந்து, 2021-இல் எஸ்21-இல் மறுபடி எடுத்துவிட்டது. இன்று விலை ஏற ஏற ஓட்டைகள் குறைகின்றன. எங்கள் தேவைக்கு ஏற்ற போன் குறைந்த விலை வரிசையில் கிடைப்பது இதனால்தான்.

கார்டைவிட இயர்போன் ஓட்டைக்கு இந்த மலையில் மதிப்பு அதிகம், ஏனென்றால் அதில் குத்தும் ஒயர்தான் ரேடியோவின் ஏரியல். கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் வருகிறது; அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் நீளக் கம்பி இருந்தாலே அலையை நன்றாகப் பிடிக்கும். சாதாரண இயர்போன் ஒயரோ ஆக்ஸ் ஒயரோ அதற்குத் தோதான நீளம். ப்ளூடூத் இயர்பட்ஸில் ஒயரே இல்லை, அதனால் அது ஏரியலாகாது. டைப்-சி ஓட்டையில் குத்தும் இயர்போனை ஏரியலாக எடுத்துக்கொள்ளும் போன்களும் உண்டு. எல்லாப் போனும் அப்படி இல்லை. கடையிலேயே குத்திப் பார்த்து, நிலையம் பிடிக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், பல போன்களின் சில்லுக்குள் எஃப்எம் வாங்கும் திறன் இருந்தும் கம்பெனி அதை இணைக்காமல் விட்டுவிடுகிறது. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் போன் தயாரிப்பாளர்களுக்கு எஃப்எம் வசதியை முடக்காமல் கொடுங்கள் என்று அறிவுறுத்தியது. பேரிடர் நேரத்தில் தகவல் போய்ச் சேர வேண்டும் என்பது அதில் ஒரு காரணம். எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்தபோது மரங்கள் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது, கரண்ட் இல்லை, டவர் இல்லை. பேட்டரி ரேடியோவும் எஃப்எம் உள்ள போனும் வைத்திருந்தவர் வீட்டுத் திண்ணையில்தான் தெருவே உட்கார்ந்திருந்தது.

கோடை பண்பலை உயரத்திலிருந்து ஒலிபரப்பாவதால் கீழே சமவெளியில் பல மாவட்டங்களில் கேட்கிறது. எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது. அதனாலேயே நிலையத்துக்குப் பக்கத்து மலைமடிப்பில் இருக்கும் எங்களுக்குச் சில வளைவுகளில் இரைச்சல் மட்டும் வரும். சித்தப்பா அந்த வளைவுகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார். அங்கே கார்டுப் பாட்டுக்கு மாற்றிவிட்டு, தாண்டியதும் ரேடியோவுக்கு வந்துவிடுவார்.

பாட்டு ஆப்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபை போன்றதில் பணம் கட்டி டவுன்லோடு செய்து வைத்தாலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைந்தால்தான் பாட்டு ஓடும். சந்தா நின்றால் டவுன்லோடும் நிற்கும். தேர் மேளமும் அப்பத்தா பாட்டும் அதில் எந்தக் காலத்திலும் வராது.

தனிப் பிளேயர் வேண்டுமா?

போனில் பாட்டே வேண்டாம், தனியாக ஒரு பிளேயர் வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வழி. பூண்டு வேலை செய்யும் வீட்டுக்கு இது நல்ல யோசனை. மண்ணும் பூண்டுச் சாறும் ஒட்டிய கையால் தொடுதிரையைத் தேய்த்தால் போன் கேட்காது. பட்டன் என்றால் முழங்கையால்கூட அமுக்கலாம். எஃப்எம்மும் கார்டு ஓட்டையும் உள்ள சின்ன பட்டன் பிளேயர் ஒன்றை எங்கள் வீட்டில் சில வருடம் வைத்திருந்தோம். இரண்டு குறை. தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன; எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பெயர் மாற்றினேன். அப்புறம் அது 32 ஜிபி கார்டு வரைக்கும்தான் எடுத்தது. 64 ஜிபியும் அதற்கு மேற்பட்ட கார்டுகளும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருவதால் பழைய பிளேயர்கள் படிக்காது. கம்ப்யூட்டரில் ஃபேட்32 ஆக மாற்றி ஃபார்மட் செய்தால் சிலவற்றில் ஓடும்.

வீட்டில் வயதானவர்கள் மட்டும் கேட்பதென்றால் 2017-இல் வந்த சரிகம கார்வான் மாதிரிப் பெட்டியே போதும். 5,000 பாட்டு உள்ளேயே இருக்கிறது, எஃப்எம் இருக்கிறது, பென் டிரைவ் குத்தவும் இடமிருக்கிறது. வண்டிக்கும் தோட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போகத்தான் அது தோதுப்படாது.

சோனி வாக்மேன், ஃபியோ போன்ற கம்பெனிகளின் நல்ல பிளேயர்கள் ஒலித் தரத்தில் போனைத் தோற்கடிக்கும், பெரும்பாலானவற்றில் கார்டும் போடலாம். ஆனால் டீசல் எஞ்சின் சத்தத்தில், பழைய செட்டின் ஸ்பீக்கரில் அந்தத் தரம் காதுக்கு எட்டாது. இரவில் தனியாக உட்கார்ந்து நல்ல இயர்போனில் கேட்பவர்கள் வாங்கலாம்.

பழைய ஐபாடைத் திருத்தி வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது, அதை நான் செய்திருக்கிறேன். கொடைக்கானலில் என்னோடு படித்த நண்பன் ஊருக்குப் போகும்போது தன்னுடைய ஐந்தாம் தலைமுறை ஐபாடைக் கொடுத்துவிட்டுப் போனான். 2005-இல் வந்த மாடல், 30 ஜிபி. உள்ளே இருப்பது 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். டிஸ்க்கின் தலை சுழலும் தட்டின்மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று மெலிந்தால் மிதக்காது. அதனால்தான் ஆப்பிள் ஐபாட் கிளாசிக்குக்கு 3,000 மீட்டர் உயர வரம்பு வைத்திருந்தது. பழனி மலையில் எந்த இடமும் அதை எட்டாது என்பதால் உயரம் பிரச்சினை இல்லை. குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி குலுங்குவதுதான் பிரச்சினை. என் கைக்கு வந்தபோதே அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, எஸ்டி கார்டு போடும் ஒரு சிறிய அடாப்டர் பலகையை வைக்கலாம். ஐஃப்ளாஷ் என்ற பெயரில் வருவது பலருக்கும் தெரிந்தது. பின்தகட்டுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்து, சுற்றிலும் இருக்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். திறந்ததும் இழுத்துவிடக் கூடாது. பின்தகட்டில் ஒட்டியிருக்கும் பேட்டரியின் நாடா ஒயர் பலகையோடு பிணைந்திருக்கும். அதன் சின்னப் பூட்டை நகத்தால் தூக்கிய பிறகுதான் பிரிக்கலாம். எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. 128 ஜிபி கார்டும் புது பேட்டரியும் போட்டு ஐடியூன்ஸில் புதுப்பித்த பிறகு எடை பாதியானதுபோல் இருந்தது, டிக் டிக் நின்றுவிட்டது. ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஃபிளாக் கோப்பும் ஓடும். வாங்கித் திருத்த நினைப்பவர்கள் தலைமுறையைப் பார்த்து வாங்குங்கள். 2007-இல் வந்த கிளாசிக் மாடல் ஆப்பிளின் மென்பொருளில் 128 ஜிபிக்குமேல் ஏற்காது, அதன் உலோக உடம்பைத் திறப்பதும் கடினம்.

எனக்கு அது பிரியமான பொருள். சித்தப்பாவுக்குக் கொடுக்க மாட்டேன். எஃப்எம் இல்லை, ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், ரிப்பேர் என்றால் மலையில் யாரும் தொட மாட்டார்கள்.

256 ஜிபி போனை யார் வாங்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வாங்கலாம். வத்தலக்குண்டில் இருக்கிறார், வீட்டில் வைஃபை இருக்கிறது, பிள்ளைகளை நாள் முழுக்க வீடியோ எடுக்கிறார், எடுத்தது தானாகக் கிளவுடுக்குப் போய்விடுகிறது. அவருக்குக் கார்டு ஒரு தொல்லைதான். டூரிஸ்டுகளைக் கூட்டிப் போய் ரீல்ஸ் போடும் பையன்களுக்கும் கேமராவும் உள் சேமிப்பும்தான் முக்கியம்.

சித்தப்பாவுக்கு 128 ஜிபி போனையே எடுத்தேன். மிச்சமான பணத்தில் 64 ஜிபி கார்டு இரண்டு வாங்கி, இரண்டையும் சோதித்து, இரண்டிலும் ஒரே பாட்டுகளை ஏற்றினேன். ஒன்று போனுக்குள். மற்றது அக்கா வீட்டில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு மூடி டப்பாவில். கார்டின் சில்லு மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் பதிந்தது மெல்ல மங்கலாம் என்பதால் தைக்குத் தை அதை எடுத்துப் போட்டுப் பார்ப்பதாக அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார்.

போனைக் கொடுத்தபோது சித்தப்பா திரையையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. “அம்மா பாட்டு எங்கடா?” என்றார். எம்பி3 ஆக மாற்றி “001 அப்பத்தா” என்று பெயர் வைத்திருந்தேன், லிஸ்டைத் திறந்ததும் முதலில் வரும்படி.